அலங்காரமே இல்லாத கவுனுக்கு ஏன் இவ்வளவு கூலி? மினிமலிஸ்ட் உடுப்பின் பூர்வீகம்

குன்னூர் ஊசிநூல் | திங்கள், இரவு 9:40

குன்னூரில் பெட்ஃபோர்டுக்குக் கீழே ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று மெஷின், என்னோடு இரண்டு பெண்கள். ப்ளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடைதான் அதிகம். போன வாரம் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். அடுத்த மாதம் ஓர் எஸ்டேட் பங்களாவில் அவளுக்கு நிச்சயதார்த்த விருந்து. போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சந்தன வெள்ளையில் க்ரேப் பட்டு கவுன். கை இல்லை, காலர் இல்லை, லேஸ் இல்லை, மணி இல்லை, இடுப்பில் ஒரு சுருக்குகூட இல்லை. தோளில் ஆரம்பித்த துணி கணுக்கால் வரை தடையில்லாமல் வழிகிறது. "அக்கா, இதுக்குப் பேர் மினிமலிஸ்ட். இதே மாதிரி வேணும்" என்றாள்.

கூலி 2,800 சொன்னேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "லைனிங் வைத்து, பைப்பிங் வைத்து, முதுகில் குஞ்சலம் கட்டின ப்ளவுஸுக்கே எழுநூறுதானே வாங்கினீங்க? இதில் என்ன இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் அந்த நேரத்தில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ப்ளவுஸில் கழுத்து கொஞ்சம் கோணினால் பைப்பிங் அதை மூடிவிடும். தோளில் தையல் ஏறி இறங்கினால் லேஸ் மூடிவிடும். இந்தக் கவுனில் மூடுவதற்கு ஒன்றுமே கிடையாது. ஒரு நூல் இழுத்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் வாய்க்கால் வெட்டின மாதிரி தெரியும். அதனால் முதலில் மெல்லிய பருத்தியான மல் துணியில் ஒன்று தைத்து, அவளுக்குப் போட்டுப் பார்த்து, பிரித்து, திருத்தி, அதற்குப் பிறகுதான் பட்டில் கத்திரி வைக்க முடியும்.

கொஞ்ச நாளாக ராத்திரியில் இதைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். எங்கே பார்த்தாலும் 1990களில் ஆரம்பித்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஹெல்முட் லாங், ஜில் சாண்டர், கால்வின் க்ளைன் என்ற உடுப்பு வடிவமைப்பாளர்களின் பெயர்கள் வருகின்றன. 1996-இல் அமெரிக்கக் கென்னடி குடும்பத்தின் மருமகளான கரோலின் பெஸட்டின் கல்யாணத்துக்கு நார்சிசோ ரோட்ரிகஸ் செய்த வெள்ளை க்ரேப் கவுன் வருகிறது. என்னிடம் வருகிற பெண்கள் காட்டும் படங்களில் பாதி அதன் பேத்திகள்தான். ஆனால் அதன் வெட்டைப் பார்த்ததும் இது பழைய சரக்கு என்று எனக்குத் தோன்றியது. தேடியபோது மதலேன் வியோனே கிடைத்தார்.

1876-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். 1912-இல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். காகிதத்தில் வரைந்து பார்ப்பதைவிட ஒரு குட்டி மர பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் உடுப்பை யோசிப்பாராம். நாம் பைப்பிங்குக்கும் கழுத்துப் பட்டிக்கும் மட்டும் வெட்டுகிற கிராஸ், அதாவது சாய்வு வெட்டு, இருக்கிறதே, அதை அவர் முழு உடுப்புக்கும் வெட்டினார். பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) நேராக விழாமல் சாய்ந்து விழும்போது துணி தானே நெகிழ்ந்து உடம்போடு போகும். உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கிற டார்ட் இல்லாமலே உட்காரும். உள்ளே கார்செட் போட்டு இறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் செய்திருக்கிறார். பழைய கிரேக்கச் சிலைகள் மேல் தொங்குகிற தைக்காத துணியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். நாலு சதுரத் துணியை முனை கீழே வரும்படி சேர்த்தே ஓர் உடுப்பு செய்திருக்கிறார்.

அதனால் என் கேள்வி இது. இந்த "ஒன்றுமில்லாத" உடுப்பின் வேர் எவ்வளவு தூரம் போகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிராஸ் வெட்டில் அனுபவம் உள்ளவர்கள் வேலை நுணுக்கமும் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

கொடை மூடுபனி | திங்கள், இரவு 11:05

அக்கா, வேர் நம்ம ஊர் பருத்தி வரைக்கும் போகிறது. எங்கள் குடும்பம் சின்னாளபட்டியில் தறி வைத்திருந்தது, இப்போது நான் கொடைக்கானலில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருகிறேன். துணி பற்றிய பேச்சு என்றால் எனக்குத் தூக்கம் வராது.

1783-இல் பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்தை விஜே லெ ப்ரூன் என்ற பெண் ஓவியர் வரைந்தார். பட்டும் ஜரிகையும் இல்லாமல், வெள்ளை மஸ்லின் கவுனும் இடுப்பில் ஒரு பட்டியும் வைக்கோல் தொப்பியும் மட்டும். கண்காட்சியில் வைத்ததும் பெரிய கூச்சல். ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள். படத்தை எடுத்துவிட்டு, நீலப் பட்டு உடுத்திய வேறு படம் வைத்தார்கள். ஆனால் அந்த மஸ்லின் போகவில்லை. அடுத்த இருபது முப்பது வருடத்தில் ஐரோப்பா முழுக்கப் பெண்கள் மார்புக்குக் கீழே ஒரு நாடா கட்டி, அதற்குக் கீழே நேராக விழும் வெள்ளை உடுப்புக்கு மாறிவிட்டார்கள். அதில் உயர்ந்த துணியெல்லாம் வங்காளத்திலிருந்து போனது. டாக்கா மஸ்லின் அவ்வளவு மெல்லிசு.

அந்த உடுப்பு கிரேக்கச் சிலை மாதிரி இருக்கிறது என்று அவர்கள் பெருமைப்பட்டார்கள். சிலை கிரேக்கத்தது என்றாலும் துணி நம் பக்கத்தது, துணி அப்படி விழுந்ததால்தான் அந்த உருவமே வந்தது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

இன்னொன்று. அமெரிக்கத் தையல்காரர்கள் சோதனைக்குத் தைத்துப் பார்க்கும் உடுப்பையே மஸ்லின் என்றுதான் சொல்கிறார்கள், எந்தத் துணியில் தைத்தாலும். நீங்கள் மல் துணியில் தைத்துப் பார்க்கிறேன் என்று எழுதியதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் மல்லும் அந்த மஸ்லினும் ஒரே குடும்பம்.

அப்புறம் ஒரு மலைவாசியாக இதையும் சொல்ல வேண்டும். அந்த மஸ்லின் பெண்கள் குளிரில் நடுங்கியிருக்கிறார்கள். அதனால்தான் காஷ்மீர் சால்வைக்கு அங்கே அப்படி ஒரு மோகம் வந்தது. உங்கள் மணப்பெண்ணும் குன்னூர் குளிரில் கை இல்லாத கவுனோடு எஸ்டேட் புல்வெளியில் நிற்கப் போகிறாள். மேலே என்ன போடுவது என்று இப்போதே யோசியுங்கள். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் யாருடைய ஸ்வெட்டரையாவது போட்டு உங்கள் வேலையை மறைத்துவிடுவார்கள்.

லவ்டேல் ரயில் | செவ்வாய், காலை 7:15

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. போன வருடம் ஆன்லைனில் ஒரு மினிமலிஸ்ட் லினன் உடுப்பு வாங்கினேன். 6,500 ரூபாய். இரண்டு சதுரத் துணியைப் பக்கத்தில் சேர்த்துத் தைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கையைத் தூக்கினால் உடுப்பு முழுவதும் மேலே ஏறும். முதல் துவைப்பிலேயே ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. எளிமை என்று பெயர் வைத்துப் பணக்காரர்களுக்கு விற்கிற சாமான் என்றுதான் அதற்குப் பிறகு நினைக்கிறேன். ஊசிநூல் அக்காவின் வேலையைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்கிறேன்.

குன்னூர் ஊசிநூல் | செவ்வாய், மதியம் 1:30

லவ்டேல், நீங்கள் சொல்வது நடக்கிறதுதான். வெட்டே தெரியாமல் வெறுமையாக விட்டுவிட்டு அதற்கு மினிமலிஸ்ட் என்று பெயர் வைப்பது ஏமாற்று. உங்கள் உடுப்பில் கை ஏறாததற்குக் காரணம் எளிமையில்லை. அக்குளில் இடம் விடவில்லை. நம் பழைய கலி குர்த்தாவைப் பாருங்கள். எல்லாத் துண்டும் நேர்கோட்டில் வெட்டியதுதான். ஆனால் அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு சாய்வாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு துண்டு இருப்பதால் வயலில் குனிந்து நிமிரலாம், கையை வீசலாம். உங்கள் 6,500 ரூபாயில் அந்தத் துண்டைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

எளிய உடுப்பு எப்போதும் பணக்காரர்களுக்கு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்று ஒருவர் இருந்தார். 1938-இல் இடுப்பில் தையலே இல்லாமல் தோளிலிருந்து நேராக விழும் உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அல்ஜீரிய நாட்டு அங்கியைப் பார்த்துத் தனக்காகத் தைத்துக்கொண்டதிலிருந்து அது வந்தது. பெல்ட் கட்டினால் அவரவர் இடுப்புக்கு அதுவே அளவாகிவிடும். சந்நியாசி அங்கி மாதிரி இருந்ததால் மொனாஸ்டிக் என்று பெயர். 1942-இல் போர்க் காலத்தில் வீட்டு வேலைக்காரர்கள் கிடைக்காமல் பெண்கள் தாங்களே சமைத்து வீடு பெருக்க வேண்டி வந்தபோது, சுற்றிக் கட்டிக்கொள்ளும் பாப்ஓவர் உடுப்பு செய்தார். விலை 6 டாலர் 95 சென்ட். பெரிய பை, கூடவே அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க ஒரு கையுறை. அதைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம், அப்படியே விருந்தாளியையும் வரவேற்கலாம்.

அதே சமயம் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். 1941-இலிருந்து யுடிலிட்டி உடுப்பு என்று அரசாங்கமே திட்டம் போட்டது. எத்தனை மடிப்பு, எத்தனை பட்டன், எத்தனை பை என்று கணக்கு. துணியில்லாத காலத்தில் வந்த கட்டாயம் அது. ஆனால் அதில் வேலை செய்த நல்ல கட்டர்கள் மடிப்பு இல்லாமலே உடுப்பை அழகாக நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் கற்றேன். கடை ஆரம்பித்தபோது பெண்கள் இரண்டரை மீட்டர் துணி கொண்டுவந்து முழுக்கை சுடிதார் கேட்பார்கள். துணியைத் தரையில் விரித்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன், கத்திரியைத் தொட மாட்டேன்.

பழைய கட்டர் வெலிங்டன் | செவ்வாய், மாலை 6:50

அம்மணி, பெண்கள் உடுப்பையே பேசுகிறீர்கள். ஆண்கள் கோட்டையும் கொஞ்சம் பாருங்கள். நான் வெலிங்டனில் நாற்பது வருடம் யூனிபார்மும் கோட்டும் வெட்டியவன்.

200 வருடத்துக்கும் முன்னால் ஐரோப்பாவில் ஆண்கள்தான் மயில் மாதிரி உடுத்துவார்கள். பட்டுக் கோட்டு, ஜரிகை, லேஸ், பவுடர் போட்ட தலை. அதை மாற்றியதில் லண்டன்காரர் பியூ பிரம்மல் என்பவருக்குப் பெரிய பங்கு. கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட கழுத்துத் துணி. வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. ஜரிகைக்காரனிடமிருந்து மதிப்பு வெட்டுகிறவனுக்கு வந்தது அப்போதுதான். இன்றைக்கும் ஒரு நல்ல கோட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கேன்வாஸ், குதிரைமுடித் துணி, தோளில் பஞ்சு, ஆயிரக்கணக்கில் கைத்தையல். வெளியே பார்த்தால் ஒரு பொத்தான் வரிசைதான் தெரியும்.

சனேல் அம்மாள் செய்ததும் இதைத்தான். ஆண்களுடைய உடுப்பிலிருந்து எடுத்தார். ஆண்களின் உள்ளாடைக்குப் போன ஜெர்சித் துணியை எடுத்து, முதல் உலகப் போர் நேரத்தில் பெண்களுக்கு உடுப்பாக்கினார். 1926-இல் அவருடைய கறுப்பு உடுப்பின் படம் அமெரிக்க வோக் பத்திரிகையில் வந்தபோது, இது ஃபோர்டு கார் மாதிரி எல்லோருக்கும் வரும் என்று எழுதினார்கள்.

அந்த அம்மாவிடம் கவுனை உள்பக்கம் திருப்பிக் காட்டுங்கள். வெளியே காட்டிப் பிரயோஜனம் இல்லை.

கோத்தகிரி வெள்ளை முண்டு | செவ்வாய், இரவு 10:20

எல்லோரும் பாரிஸ், லண்டன் என்று போகிறீர்கள். நான் எங்கள் ஹெத்தெயைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் படுகப் பேச்சில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஹெத்தெ கடைசி வரை வெள்ளை முண்டுதான். அக்குளுக்குக் கீழே துணியைக் கொண்டுவந்து, நெஞ்சின் மேல் இறுக்கிச் சுற்றி, ஓரத்தை உள்ளே செருகிவிடுவார். ஊக்கு கிடையாது. மேலே ஒரு துண்டு. தலையில் மண்டெப்பட்டு, நெற்றியை ஒட்டி இழுத்துப் பின்னால் கட்டியது. மூன்றும் வெள்ளை, மூன்றும் வெட்டாத துணி. அதோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போவார், விறகு தூக்குவார், குழந்தையைத் துண்டில் கட்டிக்கொள்வார்.

சின்ன வயதில் அவர் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முதல் சுற்றில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பார். இரண்டாவது சுற்றில் விடுவார். அந்த மூச்சு அளவுதான் அவருக்கு டார்ட். செருகுவதற்கு முன்னால் கட்டைவிரலால் ஓரத்தை இரண்டு மடிப்பு மடிப்பார், அது ஒரு சின்ன முடிச்சு மாதிரி தடித்து நிற்கும். அது நழுவி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடும்.

இப்போது ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பேரகணி போகும்போதுதான் நாங்களெல்லாம் வெள்ளை உடுத்துகிறோம். அவ்வளவு பேர் வெள்ளையில் மலைச்சரிவில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மினிமலிஸ்ட் என்ற சொல்லைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லவ்டேல் ரயில் | புதன், காலை 8:00

கோத்தகிரி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று நான் எழுதியது கொஞ்சம் அவசரம் என்று தோன்றுகிறது. அப்படியானால் தோடர்களின் பூத்துக்குளியும் மினிமலிசம்தானே? ஒரே துணி, ஒரே போர்வை.

கேத்தி பள்ளத்தாக்கு | புதன், காலை 11:45

பூத்துக்குளியை அந்தப் பெயரில் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் இருக்கும் வேலை கொஞ்சமா? வெள்ளைப் பருத்தியில் சிவப்பு, கறுப்பு நூல். எந்த அச்சும் வரையாமல், சட்டமும் வைக்காமல், துணியின் இழையை எண்ணி எண்ணிப் பெண்கள் போடுகிறார்கள். நாம் பின்பக்கம் என்று நினைக்கிற முரட்டுப் பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் கடைகளில் மெஷினில் போட்ட நகலை அதே பெயரில் விற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தோடர் குடியிருப்பான ஒரு மந்தில் உட்கார்ந்து ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் இழை எண்ணுகிற பெண்ணுக்கு அது போட்டியா?

இன்னொரு விஷயம், தையல்காரர்கள் கூடியிருக்கிற இடம் என்பதால். ஊட்டிப் பக்கம் எங்கள் எல்லநள்ளியில் 1949-இலிருந்து ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்குகிற போனி ஊசி இந்த மலையில் செய்தது. பாரிஸ் வெட்டைப் பற்றிப் பேசும்போது கையில் இருக்கிற ஊசி எந்த ஊர் என்பதும் தெரியட்டும்.

கொடை மூடுபனி | புதன், மதியம் 2:10

கேத்தி சொல்வது சரி. அலங்காரத்தையும் வெட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பூத்துக்குளியில் அலங்காரம் நிறைய, வெட்டு கிடையாது. துணியை இரட்டையாக மடித்து, நடுவில் பை மாதிரி இடம் விட்டுத் தைக்கிறார்கள், அவ்வளவுதான். வியோனே கவுனில் அலங்காரம் குறைவு, வெட்டு நிறைய. நாம் இரண்டையும் எளிமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.

வெட்டாத துணியை மதிப்பது ஜப்பானியர்களிடமும் உண்டு. கிமோனோவுக்கான துணி சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். அதை நேர்கோட்டில் எட்டுத் துண்டாக வெட்டுவார்கள், ஒரு துணுக்குகூட வீணாகாது. ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அங்கிருந்துதான் வருகிறார். 1990களின் கடைசியில் டாய் ஃபுஜிவாராவோடு சேர்ந்து, மெஷினிலிருந்து குழாய் மாதிரி வரும் துணியில் கோடு பார்த்து வெட்டினாலே உடுப்பாகிற முறையைச் செய்தார். ஒரு துண்டுத் துணி என்பதுதான் அந்த முறைக்குப் பெயரே.

ஸ்பெயின்காரர் பலென்சியாகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா தையல்காரி. 1957-இல் அவர் இடுப்பே காட்டாத சாக்கு உடுப்பு போட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். 1961-இல் ஒரே ஒரு தையலில் முழுக் கோட்டு செய்தார். கை சரியாக உட்காரவில்லை என்றால் தைத்து முடித்த கோட்டையே பிரித்துவிடுவாராம்.

எங்கள் மலைக்குக் கீழே மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. துணி இல்லாதவர்களைப் பார்த்து ஒருவர் எடுத்த விரதம் அது. அதை உடுப்பு வடிவமைப்போடு வைத்துப் பேச மனம் வரவில்லை.

குன்னூர் ஊசிநூல் | வெள்ளி, இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். இப்போது எனக்கு ஒரு சங்கடம்.

மல் துணியில் தைத்தது அழகாக விழுந்தது. அந்தப் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. அதன்பின் பட்டை இரண்டாக மடித்து முன்னும் பின்னும் ஒன்றாகக் கிராஸில் வெட்டினேன். நடுவில் தையல் கூடாது என்பது அவள் ஆசை, அதனால் முன் பக்கம் ஒரே துண்டு, பின் பக்கம் ஒரே துண்டு. பக்கத்தில் தற்காலிகமாகக் கையால் நூலோட்டி, ஹேங்கரில் மாட்டி இரண்டு நாள் தொங்கவிட்டேன். இன்று காலை தரையிலிருந்து ஸ்கேல் வைத்து சாக்கால் குறித்துக்கொண்டே சுற்றி வந்தால், இடது பக்கம் இரண்டு இன்ச் கீழே இறங்கியிருக்கிறது! வலது பக்கம் அரை இன்ச்தான். பொம்மையில் போட்டுப் பார்த்தால் முழுக் கவுனும் இடது பக்கம் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு தோற்றம்.

மூன்று நாளாக இங்கே மூடுபனி, கடைக்குள் சுவரெல்லாம் ஈரம். அதனால் இருக்குமா? அடியை மட்டும் சமமாக வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா? துணி இன்னும் ஒன்றேகால் மீட்டர்தான் மிச்சம்.

கோத்தகிரி வெள்ளை முண்டு | வெள்ளி, இரவு 10:55

ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தீர்களா அக்கா? எங்கள் வீட்டில் ஜன்னல் பக்கம் தொங்குகிற துணி மட்டும் கனத்துப் போகும்.

குன்னூர் ஊசிநூல் | வெள்ளி, இரவு 11:00

இல்லை, உள்ளறையில், நடுவில்.

பழைய கட்டர் வெலிங்டன் | சனி, காலை 6:10

பனி காரணம் இல்லை, அம்மணி. பனி என்றால் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும். துணியை மடித்து வெட்டியதுதான் காரணம்.

ஒரு காகிதத்தில் வரைந்து பாருங்கள். கிராஸில் வெட்டிய ஒரே துண்டில் நடுக்கோடு சாய்வு. அப்படியானால் ஒரு ஓரம் பாவை ஒட்டிப் போகும், மறு ஓரம் ஊடையை ஒட்டிப் போகும். மடித்து வெட்டியதால் பின் துண்டு முன் துண்டுக்குக் கண்ணாடி மாதிரி அமைந்துவிட்டது. சேர்த்துத் தைத்தபோது வலது பக்கம் முழுக்கப் பாவு, இடது பக்கம் முழுக்க ஊடை. க்ரேப்பில் ஊடை நூல் முறுக்கு நூல், நன்றாக இழுபடும். அதனால்தான் இடது பக்கம் இறங்கியது. மல் துணியில் அவ்வளவு முறுக்கு கிடையாது, அதனால் அது உங்களை எச்சரிக்கவில்லை.

அடியை மட்டும் வெட்டினால் இன்றைக்கு நேராகத் தெரியும். போட்டுக்கொண்டு நடக்கும்போது இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் ஆடும். படத்தில் அது தெரியும்.

கழுத்து என்ன கழுத்து? முன்னும் பின்னும் ஒரே ஆழமா? பக்கத்தில் எவ்வளவு பிடித்தம் விட்டிருக்கிறீர்கள்?

குன்னூர் ஊசிநூல் | சனி, காலை 6:40

போட் நெக், மாஸ்டர். முன்னும் பின்னும் ஒரே ஆழம், கைக்குழியும் ஒரே வளைவு. பக்கத்தில் ஒன்றரை இன்ச் விட்டிருக்கிறேன். இன்னும் மெஷினில் அடிக்கவில்லை, நூலோட்டம்தான்.

பழைய கட்டர் வெலிங்டன் | சனி, காலை 7:05

அப்படியானால் புதுத் துணி வேண்டாம். நூலைப் பிரித்துவிடுங்கள். முன் துண்டையும் பின் துண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி பக்கம் பக்கமாக விரியுங்கள். இரண்டையும் நடுக்கோட்டில் மேலிருந்து கீழே வெட்டுங்கள். பாவு ஓரம் உள்ள இரண்டு பாதியை ஒன்று சேர்த்தால் அது முன் பக்கம். ஊடை ஓரம் உள்ள இரண்டு பாதியைச் சேர்த்தால் அது பின் பக்கம். இப்போது இடதும் வலதும் ஒரே மாதிரி இழுக்கும், சாயாது.

நடுத்தையலுக்குப் போகிற அகலத்தைப் பக்கப் பிடித்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பாவும் ஊடையும் சந்திப்பதால் முதலில் நூலோட்டி, மறுபடி தொங்கவிட்டு, அது இறங்குகிற அளவு இறங்கிய பிறகுதான் மெஷினில் அடிக்க வேண்டும். 11-ஆம் நம்பர் ஊசி, கீழே மெல்லிய காகிதம், துணியைக் கையால் லேசாக இழுத்தபடி அடியுங்கள். தைக்கும்போது நெகிழ்ச்சி கொடுக்காவிட்டால், போட்டு உட்காரும்போது நூல் தெறிக்கும்.

லவ்டேல் ரயில் | சனி, காலை 9:30

ஆனால் முன்னால் நடுவில் தையல் வந்துவிடுமே? அந்தப் பெண் கூடாது என்றாளே?

கொடை மூடுபனி | சனி, காலை 10:15

வியோனேயின் உடுப்புகளை விரித்து வரைந்த படங்கள் இருக்கின்றன, பாருங்கள். தையலே இல்லாத மாதிரி தோன்றும் கவுனில் எத்தனை விதமான துண்டுகள்! தையலைக் குறைக்க வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. துணி எங்கே கேட்டதோ அங்கே வைத்தார். அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லுங்கள் அக்கா. படத்தில் இருக்கிற கவுனிலும் தையல் எங்கேயாவது இருக்கும், கேமரா வெளிச்சத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குன்னூர் ஊசிநூல் | அடுத்த வியாழன், இரவு 9:15

சனிக்கிழமையே அந்தப் பெண்ணையும் அம்மாவையும் கடைக்கு வரச் சொன்னேன். சாய்ந்து நின்ற கவுனை மறைக்காமல் பொம்மையில் மாட்டியே காட்டினேன். மாஸ்டர் சொன்னபடி காகிதத்தில் இரண்டு துண்டை வரைந்து, பாவுக்கு நீலக் கோடு, ஊடைக்குச் சிவப்புக் கோடு போட்டு விளக்கினேன். நடுத்தையல் வரும் என்றும் சொன்னேன். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாதான் காகிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப ஒரு பக்கம் போகுது, அப்ப நேரா நிக்கும், அவ்வளவுதானே? வெட்டுங்க" என்றார்.

நடுக்கோட்டில் கத்திரி வைக்கும்போது என் கடைப் பெண்கள் இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பாதிகளை மாற்றிச் சேர்த்தோம். மூன்று இரவு தொங்கவிட்டோம். இன்று அளந்தேன். இடது ஒன்றேகால் இன்ச், வலது ஒன்றேகால் இன்ச். பின் பக்கம் மட்டும் கால் இன்ச் கூடுதல், அதை அடியில் எடுத்துவிட்டேன். நடுத்தையலை ஜன்னல் பக்கம் நின்று பார்த்தால் முடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. அடி முழுவதும் கை ஹெம்மிங், மூன்றரை மணி நேரம்.

குளிருக்கு மேலே போட வெள்ளை மெரினோ சால்வை எடுத்திருக்கிறார்கள். கூலியில் எதுவும் குறைக்கச் சொல்லவில்லை. மாஸ்டர், நாளை மாலை கவுனைக் கொடுப்பதற்கு முன்னால் வெலிங்டனுக்கு எடுத்து வரலாமா? கைக்குழி ஓரத்தை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி.

பழைய கட்டர் வெலிங்டன் | அடுத்த வியாழன், இரவு 9:50

நாலு மணிக்கு மேல் வாருங்கள், அம்மணி. வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். மடிக்காமல், ஹேங்கரோடு கொண்டுவாருங்கள்.